நடை சாத்துன நாலு மணி நேரம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் திருவிடைமருதூர் பக்கத்துல ஒரு கிராமம், 23 வருஷமா டூரிஸ்ட் வேன் ஓட்டிட்டு இருக்கேன், முதல்ல கும்பகோணத்துல ஒருத்தர்கிட்ட சம்பளத்துக்கு ஓட்டுனேன், அப்பறம் லோன் போட்டு சொந்தமா ஒரு 12 சீட்டர் எடுத்தேன். பேப்பருக்கெல்லாம் எழுதி பழக்கம் இல்ல, நான் சொல்ல சொல்ல பெரிய பொண்ணு போன்ல டைப் பண்ணுது, அதனால பேசுற மாதிரியேதான் இருக்கும், வெட்டி சுருக்கி போட்டாலும் பரவால்ல விஷயத்தை மட்டும் மாத்திடாதீங்க.

கொஞ்ச நாளா டெல்டாவுல டூரிசத்தை வளர்க்கணும்னு எல்லாரும் பேசுறாங்க, கேக்க சந்தோஷமா இருக்கு, ஆனா பேசுறது எல்லாம் எதை புதுசா கட்டலாம்னுதான். ரவுண்டானாவுல சிலை, ஊர் பேரை பெரிய எழுத்துல லைட் போட்டு செல்ஃபி எடுக்குற இடம், நுழைவாயில் ஆர்ச்சு. ஐயா, வந்து பாக்குறதுக்கு இங்க என்ன குறைச்சல்? தஞ்சாவூர்ல ராஜராஜன் 1010ல முடிச்ச பெரிய கோயில் 216 அடி விமானத்தோட அப்படியே நிக்குது, 1987ல அதை யுனெஸ்கோ உலக பாரம்பரிய சின்னமா சேத்தாங்க, 2004ல தாராசுரம் கோயிலையும் கங்கைகொண்ட சோழபுரம் கோயிலையும் அதோட சேத்துக்கிட்டாங்க. பாக்க ஆளும் வருது. வந்த ஆளு ஏன் ராத்திரி தங்காம போகுது, ஏன் ஒருக்கா வந்தவங்க மறுபடி வர மாட்டேங்குறாங்க, அதைத்தான் கேக்கணும். 23 வருஷம் கண்ணாடியில பின்னாடி சீட்டை பாத்துக்கிட்டே ஓட்டுனவன் நான், எனக்கு தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். மத்தியானம் 12 மணியிலேர்ந்து 4 மணி வரைக்கும் வந்த ஜனத்துக்கு இந்த ஊர்கள்ல ஒதுங்க இடமே கிடையாது.

ஒரு நவக்கிரக ட்ரிப் எப்படி போகும்னு சொல்றேன், வெளியூர்ல இருக்கறவங்களுக்கு அப்பதான் புரியும். காலைல 5 மணிக்கு கும்பகோணத்துல பார்ட்டியை ஏத்துவோம். முதல்ல திங்களூர் சந்திரன், அங்கேர்ந்து ஆலங்குடி குரு, அப்பறம் திருநாகேஸ்வரம் ராகு, சூரியனார்கோயில், கஞ்சனூர் சுக்கிரன். அஞ்சையும் பன்னெண்டுக்குள்ள முடிச்சாகணும், இல்லைன்னா அன்னிக்கு கணக்கே தப்பிடும், அதனால பார்ட்டியை நாங்க விரட்டுவோம், சார் சீக்கிரம் சார், அம்மா செருப்பை வண்டியிலயே விட்டுடுங்க, பிரசாதத்தை வண்டியில சாப்டுக்கலாம், இப்படியே. கோயிலுக்குள்ள என்ன பாத்தீங்கனு கேட்டா நல்ல கூட்டம்னு சொல்லுவாங்க. பன்னெண்டு பன்னெண்டரைக்கு நடை சாத்திடுவாங்க. மிச்சம் வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், கடைசியா திருநள்ளாறு. இதெல்லாம் நாலு மணிக்கு மேலதான். அந்த நடுவுல இருக்குற நேரம் இருக்கு பாருங்க, மயிலாடுதுறையில எங்கயாச்சும் ஒரு சாப்பாடு, அது முக்கா மணி நேரம், அதுக்கப்பறம் கோயில் வாசல்ல போயி வண்டியை ஒரு மரத்தடியில போட்டு இன்ஜினை ஆஃப் பண்ணாம ஏசியை ஓட விட்டுட்டு எல்லாரும் வண்டிக்குள்ளயே தூங்குவாங்க. வயசானவங்க காலை தொங்க போட்டு தொங்க போட்டு வீங்கி போயிடும். குழந்தைங்க அழும். வந்த ஜனம் ஊருக்கு போயி என்ன சொல்லும்? ஒரே வெயில், ஒரே அலைச்சல், ஒரு தடவை போயிட்டு வந்தாச்சு போதும்.

அதுக்காக மத்தியானமும் நடையை திறந்து வைக்கணும்னு நான் சொல்லல, அதை யாரும் தப்பா எடுத்துக்காதீங்க. உச்சிகாலம் முடிஞ்சா சாமிக்கு ஓய்வு, அது ஆகமம், காலம் காலமா இருக்குற வழக்கம், அர்ச்சகரும் மடப்பள்ளி ஆளும் மனுஷங்கதானே. கோயில் சாத்துற நேரம் பாத்து ஊரும் சேர்ந்து சாத்திக்கிறதுதான் பிரச்னை. நடை சாத்துன நேரத்துல ஊர் திறந்திருக்கணும்.

முதல்ல பாத்ரூம். இதை எழுதறதுக்கு கூச்சமா இருக்குதுனு பொண்ணு சொல்லுது, ஆனா இதை விட்டுட்டு டூரிசம் பேசறது வீண் பேச்சு. என் வண்டியில வர்ற பொம்பளைங்க காலைல காபி வேணாம்னுடுவாங்க. ரொம்ப நாளா எனக்கு காரணமே புரியல. கும்பகோணத்துக்கு வந்துட்டு டிகிரி காபி வேணாம்ங்கிறாங்களேனு நினைப்பேன், சென்னை ஹைவே பூரா கும்பகோணம் டிகிரி காபினு போர்டு மாட்டி பித்தளை டபராவுல குடுக்குறான், அங்க இறங்கி குடிக்கிறவங்க கும்பகோணத்துலயே குடிக்க மாட்டேங்குறாங்க. அப்பறம் என் சம்சாரம்தான் சொன்னா, தண்ணி குடிச்சா ஒதுங்க இடம் வேணுமே, அதுக்கு பயந்துகிட்டு குடிக்காம வருவாங்கனு. ஹைவேல காபி கடைக்கு பின்னாடியே சுத்தமான பாத்ரூம் இருக்கு, அதான் அங்க குடிக்கிறாங்க. இவ்வளவுதான் ஐயா வியாபார ரகசியம். காலைலேர்ந்து தண்ணி குடிக்காத ஆளுக்கு மத்தியானம் தலைவலி வரும், தலைவலி வந்த ஆளு கடைத்தெருவுல இறங்காது, இறங்காத ஆளு எதையும் வாங்காது. ஒரு பாத்ரூம் இல்லாததுல காபி கடைக்காரர், பூக்காரம்மா, பாத்திரக்கடை எல்லாருக்கும் நஷ்டம், ஆனா யாருக்கும் அது எங்கேர்ந்து வந்த நஷ்டம்னு தெரியாது.

போன சித்திரையில நடந்தது. கோயமுத்தூர்லேர்ந்து ஒரு குடும்பம், அதுல ஒரு பாட்டிக்கு சுகர். ஒரு கோயில் ஊர்ல மத்தியானம் ஒன்றரை மணி. கட்டண கழிப்பறை ஒண்ணு இருக்கு, பூட்டு தொங்குது, சாவி வச்சிருக்க ஆளு சாப்பிட போயிட்டாராம். பெட்ரோல் பங்க்குக்கு ஓட்டிட்டு போனேன், அங்கயும் பூட்டு, தண்ணி வரலைனுட்டாங்க. கடைசியில ரோட்டோரத்துல ஒரு ஓட்டு வீட்டுல நிறுத்தி அந்த வீட்டு அம்மாகிட்ட கெஞ்சி கேட்டேன், அவங்க ஒரு வார்த்தை பேசாம பாட்டி கையை புடிச்சு கொல்லைக்கு கூட்டிட்டு போனாங்க, வந்ததும் பானைத் தண்ணி குடுத்தாங்க, திண்ணையில பாய் போட்டாங்க. பாட்டி ஒரு மணி நேரம் அங்க படுத்து தூங்குச்சு. ஊருக்கு போயிட்டு அந்த குடும்பம் எனக்கு போன் பண்ணப்போ ஒன்பது கோயிலை பத்தி ஒண்ணும் சொல்லல, அந்த திண்ணையை பத்திதான் பேசுனாங்க. அந்தம்மாவுக்கு ஒரு புடவை குடுத்துடுங்கனு பணம் அனுப்புனாங்க. எனக்கு அதுக்கப்பறம் பல நாள் யோசனை, நம்ம ஊர்ல ஜனங்களை இழுக்கறதுக்கு என்ன இருக்குனா அந்த திண்ணைதான் இருக்கு, அதை எப்படி எல்லாருக்கும் கிடைக்கற மாதிரி பண்றதுனுதான்.

திண்ணைனு நான் சொல்றது வெறும் வார்த்தை இல்ல. கோயில் பக்கத்துல ஊருக்கு ஒரு பழைய வீடு பூட்டி கிடக்கு, சன்னதி தெருவுல, அக்ரஹாரத்துல, முற்றம் வச்சு தேக்கு தூண் வச்சு கட்டுன வீடு, பசங்க எல்லாம் சென்னை, பெங்களூர், அமெரிக்கானு போயாச்சு. இடிச்சு மாடி வீடு கட்டிட்டா அவ்வளவுதான், போனது போனதுதான். அதுக்கு பதிலா ஒரு வீட்டை எடுத்து பாய் தலகாணி, நாலு ஃபேன், ஆம்பளைக்கு பொம்பளைக்கு தனித்தனியா நல்ல பாத்ரூம், ஒரு பானைத் தண்ணி, மோர். தலைக்கு ஒரு தொகை வாங்கிக்கட்டும், மனசார குடுப்பாங்க. தரங்கம்பாடியை போயி பாருங்க. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் இடம் குடுத்து டென்மார்க்காரங்க கோட்டை கட்டுனாங்க, 1845ல வெள்ளைக்காரன்கிட்ட வித்துட்டு போயிட்டாங்க, சுனாமி வந்தப்ப அந்த ஊரு பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். அதுக்கப்பறம் அங்க சில பழைய வீடுகளை இடிக்காம சரி பண்ணி ஜனங்க தங்குற மாதிரி ஆக்குனாங்க. இப்ப என் பார்ட்டியில தரங்கம்பாடிக்கு மட்டும்தான் ஒரு நைட் தங்கணும்னு அவங்களாவே கேக்குறாங்க. கோட்டையை சுத்தி பாக்க ஒரு மணி நேரம் போதும், ஆனா ராத்திரி திண்ணையில உக்காந்து அலை சத்தம் கேக்கணும்ல, அதுக்குத்தான் தங்குறாங்க.

அடுத்தது அந்த நாலு மணி நேரத்துல என்ன பாக்குறது. தஞ்சாவூர்னா கவலை இல்ல, அரண்மனை இருக்கு, கலைக்கூடத்துல சோழர் காலத்து செப்புத் திருமேனி ஒவ்வொண்ணும் உசுரோட நிக்குற மாதிரி இருக்கும், சரஸ்வதி மகால்ல ஓலைச்சுவடி இருக்கு, சாப்பாட்டு இடைவேளை பாத்து போனா மத்தியானம் போறதே தெரியாது. ஆனா பெரிய கோயில்ல உச்சி வெயில்ல வெறுங்கால்ல நடக்க விடாதீங்க ஐயா, கல்லு கொதிக்கும், ஒரு பிரான்ஸ் நாட்டு குழந்தை பாதம் பொத்து போயி நான் தூக்கிட்டு ஓடி வந்திருக்கேன். நடக்குற வழி முழுக்க தேங்கா நார் விரிப்பு போட்டு நாளுக்கு ரெண்டு தடவை தண்ணி தெளிச்சா போதும், அதுக்கு பெரிய திட்டம் எதுவும் வேணாம்.

கும்பகோணத்தை சுத்திதான் பெரிய புதையல் இருக்கு, அதுவும் மத்தியானம் நிழல்ல உக்காந்து பாக்குற புதையல். சுவாமிமலைக்கு வர்றவங்க படி ஏறி முருகனை பாத்துட்டு இறங்கி போயிடுறாங்க. ஸ்தபதிங்க பட்டறை பக்கத்துத் தெருவுல இருக்கு. தென்னை ஓலையை மடிச்சு மடிச்சு சிலைக்கு அளவு எடுப்பாங்க, தேன் மெழுகுல குங்கிலியம் சேத்து முதல்ல மெழுகுலயே சாமியை செய்வாங்க, விரல் நகம் வரைக்கும். அதுக்கு மேல காவிரி வண்டல் மண்ணை குழைச்சு பூசுவாங்க, அது காஞ்சதும் மறுபடி பூசி கம்பி கட்டி சூடு காட்டுனா உள்ள இருக்குற மெழுகு உருகி ஓடிடும், அந்த வெற்றிடத்துல உலோகத்தை ஊத்துவாங்க. ஆறினதும் அச்சை உடைச்சாதான் சிலை வெளில வரும், அதனால ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான், அதே மாதிரி இன்னொண்ணு வரவே வராது. அந்த வண்டல் நம்ம ஆத்து மண்ணு, அதனாலதான் இந்த தொழில் இங்க இருக்கு. இதை ஒருக்கா நேர்ல பாத்தவங்க அப்பறம் எந்த கோயில்ல உற்சவமூர்த்தியை பாத்தாலும் வேற மாதிரி பாப்பாங்க. என் வண்டியில வந்த ஒரு காலேஜ் பையன் போன்லேர்ந்து தலையை தூக்காதவன், மெழுகு உருகி ஓடுறப்ப போனை பாக்கெட்ல போட்டுட்டு அப்படியே நின்னுட்டான்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கும் அப்படித்தான், அதுவும் வண்டல்ல அச்சு எடுத்து வார்க்கறது. திருபுவனத்துல தறிச் சத்தம், அந்த பட்டுப்புடவையை விசிறி மாதிரி மடிப்பாங்க, அதை மடிக்கிறதே ஒரு அழகு. எல்லாத்துக்கும் புவிசார் குறியீடு வாங்கியாச்சு, இப்ப கும்பகோணம் வெத்தலைக்கும் வந்துடுச்சு. குறியீடு வாங்குன சேதி உங்க பேப்பர்ல படிச்சு சந்தோஷப்பட்டோம், அதோட சரி, அந்த பட்டறைக்கு வெளியூர் ஆளு எப்படி போறதுனு ஒரு அம்புக்குறி போர்டு கிடையாது.

போர்டு இல்லாததுக்கு ஒரு காரணம் நாங்களும்தான், இதை நான் மறைக்க விரும்பல. டிரைவருக்கு கமிஷன் குடுக்குற கடைக்கு டிரைவர் கூட்டிட்டு போறான். பெரிய ஷோரூம்ல பார்ட்டி வாங்குற தொகையில எங்களுக்கு ஒரு பங்கு வரும், அந்த பங்கும் விலையில ஏத்தி பார்ட்டி தலையிலதான் விழும். சந்துக்குள்ள பட்டறை வச்சிருக்கவரால கமிஷன் குடுக்க முடியாது, அதனால அவர் வீட்டு வாசல்ல எந்த வண்டியும் நிக்காது. நானும் வாங்கியிருக்கேன், லோன் கட்டுற காலத்துல அந்த காசை நம்பித்தான் இருந்தேன். அஞ்சு வருஷமா வாங்கறது இல்ல. ஒருத்தர் என்கிட்ட, நீங்க கூட்டிட்டு போன கடையில வாங்குன விளக்கு பக்கத்து தெருவுல பாதி விலைக்கு இருக்குப்பானு சத்தம் போடாம சொன்னார், அன்னிக்கு விட்டதுதான். பதிலுக்கு என்ன பண்ணலாம்னா, டிரைவருக்கு பேட்டா கூட குடுத்து, கமிஷன் கிடையாதுனு பார்ட்டிக்கு தெரியுற மாதிரி டிராவல்ஸ்காரங்க முதல்லயே எழுதி குடுக்கட்டும். பட்டறைக்காரருக்கு பாக்க வர்றவங்ககிட்ட ஒரு சின்ன டிக்கெட் போட வழி பண்ணுங்க, ஏன்னா கூட்டம் வந்து நின்னு வேடிக்கை பாத்தா அவருக்கு வேலை கெடுது, சிலை எல்லாராலும் வாங்க முடியாது, வேடிக்கை பாத்ததுக்காவது காசு வந்தா அவரே கதவை திறந்து வைப்பார்.

கதை சொல்ற ஆளு இல்லாதது அடுத்த குறை. தாராசுரத்துக்கு நான் ஆயிரம் தடவை போயிருப்பேன், முதல் பத்து வருஷம் வண்டியை நிறுத்திட்டு வெளில டீ குடிச்சிட்டு இருந்தேன், உள்ள என்ன இருக்குனே எனக்கு தெரியாது. ஒருக்கா மன்னார்குடியிலேர்ந்து ஒரு ஸ்கூல் டீச்சர் பிள்ளைங்களை கூட்டிட்டு வந்தாங்க, வாங்கண்ணா நீங்களும்னு என்னையும் கூப்ட்டாங்க. ஒரு சிற்பத்துக்கிட்ட நிறுத்தி ஒரு பக்கத்தை கையால மறைச்சாங்க, யானை தெரிஞ்சுது. அடுத்த பக்கத்தை மறைச்சாங்க, அதே தலை காளை மாடா தெரிஞ்சுது. ஒரே தலைதான், ரெண்டு மிருகம். பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்துச்சு, நானும் கத்துனேன். ரெண்டாம் ராஜராஜன் கட்டுன கோயில், மண்டபத்தை தேர் மாதிரி சக்கரம் வச்சு குதிரை பூட்டி செஞ்சிருக்கான், சுவத்துல அறுபத்து மூவர் கதையும் ஒரு சாண் கல்லுல வரிசையா செதுக்கி பேரும் போட்டிருக்கான். டீச்சர் ஒவ்வொண்ணா காட்டி கண்ணப்பர் இவரு, பூசலார் இவருனு சொன்னப்ப, அம்மா சின்ன வயசுல சொன்ன கதையெல்லாம் கல்லுல பாத்துட்டு எனக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு. பத்து வருஷமா இதுக்கு வெளிலயா டீ குடிச்சிட்டு இருந்தோம்னு இருந்துச்சு.

இப்ப நான் என் பார்ட்டியை உள்ள கூட்டிட்டு போயி அந்த யானை காளையை காட்டுவேன், எனக்கு தெரிஞ்சது அவ்வளவுதான். அரை மணி நேரத்துல கிளம்பற பார்ட்டி ரெண்டு மணி நேரம் நிப்பாங்க. கல்லு அதேதான், கோயில் அதேதான், சொல்ற ஆளு இருந்தா நேரம் நாலு மடங்கு ஆகுது, நேரம் ஆனா பசிக்கும், பசிச்சா ஊர்ல சாப்பிடுவாங்க. நம்ம கவர்மெண்ட் காலேஜ்ல தமிழும் வரலாறும் படிச்சிட்டு வேலை இல்லாம இருக்குற பசங்க எத்தனை பேரு? அவங்களுக்கு ஆறு மாசம் பயிற்சி குடுத்து, கழுத்துல அட்டை மாட்டி, கட்டணம் எவ்வளவுனு கோயில் வாசல்ல போர்டு எழுதி வச்சா போதும். தமிழ்ல சொல்லவும் ஆளு வேணும், இங்க வர்றவங்கள்ல ரொம்ப பேரு நம்ம தமிழ் ஜனங்கதான், கைடுனாலே வெள்ளைக்காரங்களுக்குனு ஆயிடுச்சு. பெரிய கோயில் சுவத்துல, நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்னு ராஜராஜன் வெட்டி வச்சிருக்கான், ராஜா தான் குடுத்ததோட அக்கா குடுத்ததையும் கல்லுல ஏத்தச் சொல்றான். ஆடுன பொண்ணுங்க நானூறு பேரையும் பேரு, எந்த தெரு, எந்த வீடுனு எழுதியிருக்கான். இதை யாராவது விரல் வச்சு படிச்சு காட்டுனா எந்த குடும்பம் சீக்கிரம் கிளம்பும் சொல்லுங்க.

காவிரியை பத்தி ஒண்ணு சொல்லணும். வெளியூர்க்காரங்க பாலத்துல போறப்ப காவிரி எங்கனு கேப்பாங்க, மாசி பங்குனியில வந்தா மணலும் கருவேலமும்தான் காட்ட முடியும், மனசு கஷ்டமா இருக்கும். மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுறது, தண்ணி இருக்குற வருஷம் அப்படி. அப்ப எந்த மாசம் வந்தா இந்த நாடு அழகா இருக்கும்னு நாமளே சொல்லணும்ல? ஆடிப்பெருக்குக்கு வாங்க, ஐப்பசியில மயிலாடுதுறை துலாக்கட்டத்துக்கு வாங்க, மார்கழி விடியகாலையில கதிர் வந்த வயல் நடுவுல பனி இறங்குறதை பாக்க வாங்க, தையில திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்கு வந்துட்டு அப்படியே அசோகா அல்வா சாப்ட்டுட்டு போங்கனு. கோடை லீவுல மட்டும் வர சொல்லி, வறண்ட ஆத்தையும் கொதிக்கிற கல்லையும் காட்டி அனுப்புறோம். தண்ணி வர்ற மாசத்துலயும் படித்துறையை நின்னு பாக்குற மாதிரியா வச்சிருக்கோம், பழைய துணி, பாலிதீன், சாக்கடை குழாய் நேரா ஆத்துல. ஆத்தங்கரை சுத்தமா இருந்தா அதைவிட பெரிய பார்க் எதுக்கு, இந்த விஷயத்துல அதிகாரிங்களை மட்டும் சொல்லி பிரயோஜனம் இல்ல, துணியை ஆத்துல விட்டுட்டு வர்றது நாமதான்.

கோடியக்கரை வெளிமான், முத்துப்பேட்டை அலையாத்தி காடு, கல்லணை, வேளாங்கண்ணி, நாகூர் தர்கா, திருவாரூர் ஆழித்தேர் இதெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா உங்க பேப்பர் பத்தாது. ஆனா அங்கயும் இதே கதைதான், முத்துப்பேட்டையில படகுக்கு யாரை கேக்கணும், எத்தனை மணிக்கு போகணும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்க வழி இல்லாம போயி திரும்பி வந்திருக்கேன். கோயிலும் அப்படித்தான், கும்பாபிஷேக வேலைக்கு பாலாலயம் பண்ணி சாமியை தற்காலிகமா வேற இடத்துல வச்சிருப்பாங்க, கிரகணத்துக்கு சாத்தியிருப்பாங்க, நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு போயி வாசல்ல நிக்குறப்பதான் தெரியும். எந்த கோயில் இன்னிக்கு எப்ப திறந்திருக்கும்னு ஒரே இடத்துல தினமும் மாத்தி போடுற மாதிரி ஒரு பக்கம், போன்ல பாக்குற மாதிரி, தமிழ்ல. கலெக்டர் ஆபீஸ்ல ஒருத்தர் காலைல ஒரு மணி நேரம் உக்காந்தா நடக்குற வேலை.

கும்பகோணத்துல பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா குளத்துல நடக்குற மகாமகம் 2028ல வருது. 2016ல நான் வண்டியை ஊருக்கு வெளில போட்டுட்டு பார்ட்டி கூடவே நடந்தேன், நாயக்கர் மந்திரி கோவிந்த தீட்சிதர் குளத்தை சுத்தி கட்டுன பதினாறு மண்டபத்தையும் சுத்தி தலை தலையா ஜனம், குளத்துக்குள்ள இருக்குற இருபது தீர்த்தக் கிணத்தையும் அந்த நெரிசல்ல யாரு பாத்தா. கூட்டத்தை சமாளிக்க தகர ஷெட்டு, தகர கழிப்பறை எல்லாம் போட்டாங்க, முடிஞ்சதும் கழட்டிட்டு போயிட்டாங்க. இந்த தடவையும் கோடி கணக்குல செலவு பண்ணத்தான் போறாங்க, அந்த காசுல பாதியை கழட்ட முடியாத மாதிரி கட்டுங்கனுதான் கேக்குறேன். மகாமகத்துக்கு வந்த கூட்டம் பத்து நாள்ல போயிடும், அந்த ஓய்வு மண்டபமும் பாத்ரூமும் அடுத்த மகாமகம் வரைக்கும் பன்னெண்டு வருஷம் மத்தியானத்துல ஜனங்களுக்கு உதவும். கட்டுனா மட்டும் போதாது, அதை பாத்துக்கிற ஆளுக்கு மாசா மாசம் சம்பளம் போட்டு, சாவி எந்த நேரமும் கதவுலயே இருக்கணும்.

ராத்திரி தங்க வைக்கிறது எப்படினு சில பேரு கேப்பாங்க. நான் பாத்த வரைக்கும் மத்தியானம் நல்லா போச்சுனா தானா தங்குறாங்க. போன தையில மதுரை பார்ட்டி ஒண்ணு, ஒன்பது கோயிலை ரெண்டு நாளா பிரிச்சுக்கலாம் சார்னு நானே சொல்லி பாத்தேன், வாடகை கூட ஆகும்னு தயங்குனாங்க. அன்னிக்கு மத்தியானம் சுவாமிமலை பட்டறையில ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தாங்க, வெளில வந்ததும் அந்த வீட்டு பெரியவரே, இன்னிக்கு ஏங்க ஓடுறீங்க, தங்கிட்டு காலைல போங்களேன்னார். தங்குனாங்க. ராத்திரி கும்பகோணத்துல கடப்பாங்கிற பருப்பு குழம்பு ஊத்தி தோசை சாப்ட்டாங்க, மதுரையில இது கிடையாதேனு இன்னொரு ப்ளேட் வாங்குனாங்க, காலைல டிகிரி காபி, கடைத்தெருவுல டபரா செட்டு, வெத்தலை கட்டு. ரூம் வாடகை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேத்து அந்த ஒரு ராத்திரியில ஊருக்குள்ள போன காசு, அவங்க ஒரே நாள்ல சுத்திட்டு போயிருந்தா வந்திருக்கவே வந்திருக்காது, டீசலுக்கும் அர்ச்சனை தட்டுக்கும்தான் போயிருக்கும்.

வர்ற சனிக்கிழமை சேலம் பார்ட்டி ஒண்ணு புக் ஆகியிருக்கு, 11 பேரு, அதுல நாலு பேரு பெரியவங்க. மத்தியானம் எங்க தங்குவோம், பாத்ரூம் இருக்கானு அந்த வீட்டு மருமக போன்ல முதல் கேள்வியே அதுதான் கேட்டுச்சு. எனக்கு சொல்ல எந்த கவர்மெண்ட் இடமும் இல்ல. அன்னிக்கு பாட்டியை படுக்க வச்ச அந்த ஓட்டு வீட்டு அம்மாகிட்டயே போயி கேட்டேன். வாங்க தம்பி, பாய் நாலு இருக்கு, இன்னும் ரெண்டு பக்கத்து வீட்டுல வாங்கி வைக்கிறேன், மோர் கரைச்சு வைக்கவானு கேட்டாங்க. காசு எவ்வளவும்மானு கேட்டதுக்கு பதில் சொல்லாம உள்ள போயிட்டாங்க, நான் எப்படியாச்சும் குடுத்துடுவேன்.

இப்படிக்கு,
வேன் டிரைவர் ஒருவர்,
திருவிடைமருதூர் வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்